தோடம்பழத் தோலில் இருந்து விமான எண்ணெய் வருமா? – ரீச்சர் பதில்கள்

போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "பலாலியில் வந்து இறங்கும் விமானம் ஒருநாள் செடிகொடியில் இருந்து எடுத்த எண்ணெயில் பறக்கலாம்" என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடம் உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பித்தவளுக்கு இதைவிடச் சந்தோசம் வேறென்ன? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இம்முறை இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

"90களில் மானிப்பாயில் கராச் வைத்திருந்தேன். பெற்றோல் வராத காலத்தில் எத்தனையோ மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட வைத்தோம். எஞ்சின் என்றால் எதை ஊற்றினாலும் ஓடும் என்பது என் அனுபவம். விமானத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?"
– வாசகர், மானிப்பாய்

அண்ணை, நீங்கள் அன்றைக்கு ஊற்றியது விமான எண்ணெயின் கூடப்பிறந்த சகோதரத்தைத்தான். ஜெற் ஏ-1 என்பது நன்றாகச் சுத்திகரித்து, கடுமையாகச் சோதித்து எடுத்த மண்ணெண்ணெய். எட்டுக் காபனில் இருந்து பதினாறு காபன் வரை நீளமுள்ள ஐதரோகாபன்களின் (காபனும் ஐதரசனும் மட்டும் சேர்ந்த பொருட்களின்) கலவை.

அந்த நாட்களை எனக்கும் மறக்க முடியாது. எங்கள் வீட்டு 50 சீசி ஹொண்டாவை ஸ்ராட் பண்ண, சூப்பிப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் நாலு துளியைக் காபரேற்றருக்குள் பீச்ச வேண்டும். எஞ்சின் சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெயைக் குடிக்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதை நான் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கத் தேவையே இருக்கவில்லை, பிள்ளைகள் தகப்பன்மாரின் மோட்டார் சைக்கிளில் பார்த்துவிட்டு வந்தார்கள். இரவில் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி கொளுத்தி அந்த வெளிச்சத்தில் விடைத்தாள் திருத்தினேன். ஒரு தேக்கரண்டி எரிபொருள் எவ்வளவு பெறுமதியானது என்று தெரிந்த ஊர் இது. அதனால்தான் இந்த விசயத்தை நம்முடைய ஆட்கள் நன்றாக விளங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ஜப்பானிலும் பெற்றோல் கிடைக்கவில்லை. சொய்சிரோ ஹொண்டா தன் முதல் எஞ்சின் பூட்டிய சைக்கிள்களை, பைன் மரத்தில் இருந்து எடுத்த ரேப்பன்ரைனைப் பெற்றோலோடு கலந்துதான் ஓட்டினார். தாவரத்தில் இருந்து எரிபொருள் என்பது புதுக்கதை இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். விமான எஞ்சினில் எரிவது பெரிய காரியமே இல்லை. சுழலி எஞ்சின் அநேகமாக எதையும் எரித்துவிடும். கஷ்டம் எரிவதற்கு முன்னால் இருக்கிறது. பெரிய ஜெற் விமானம் பறக்கும் 11 கிலோமீற்றர் உயரத்தில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 50 பாகைக்கும் கூடிய குளிர். அதற்குள் எண்ணெய் உறைந்தால் கதை முடிந்தது. அதனால் ஜெற் ஏ-1 −47 பாகை செல்சியஸ் வரைக்கும் உறையக்கூடாது. நிலத்தில் நிற்கும்போது இலேசில் தீப்பற்றவும் கூடாது. 38 பாகைக்குக் கீழே அதன் ஆவி தீப்பிடிக்காமல் இருக்க வேண்டும். கிலோ ஒன்றுக்கு 42.8 மெகாயூலுக்குக் குறையாத சக்தி வேண்டும். இறப்பர் வளையங்களோடும் ஒத்துப்போக வேண்டும். வழியில் நின்றால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். கடலுக்கு மேலே அது நடக்குமா?

"நான் இம்முறை உயர்தரம் எடுக்கிறேன். வாசனை எண்ணெய்களில் இருக்கும் டேர்பீன்களில் இருந்து விமான எரிபொருள் செய்யலாம் என்று படித்தேன். வாசனைக்கும் எரிபொருளுக்கும் என்ன தொடர்பு, ரீச்சர்?"
– மாணவி, கரவெட்டி

பிள்ளை, ஒரு தோடம்பழம் உரி. தோலை மெழுகுதிரிச் சுடருக்குப் பக்கத்தில் பிடித்து, வெளிப்பக்கம் சுடரைப் பார்க்க, இரண்டாக மடித்து நசுக்கு. பொரிபொரியாகச் சின்ன வாணம் பறக்கும். சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் செய்த விளையாட்டுத்தான். (பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்.) அந்தப் பொறியாக எரிந்ததுதான் லிமொனீன் என்ற டேர்பீன். தோடம்பழத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான்.

அதன் சூத்திரத்தை எழுதிப் பார்: C₁₀H₁₆. பத்துக் காபன். ஒட்சிசன் ஒன்றுகூட இல்லை. கொதிநிலை 176 பாகை. மண்ணெண்ணெய் கொதிக்கும் எல்லைக்குள்ளேயே வந்து நிற்கிறது. சீனியோ மரக்கட்டையோ அப்படி இல்லை, அவற்றில் ஒட்சிசன் நிறைந்து கிடக்கிறது. ஒட்சிசன் ஏறிய மூலக்கூறு பாதி எரிந்து முடிந்த விறகு மாதிரி, அதில் மிச்சம் இருக்கிற சக்தி குறைவு. தாவரத்தில் இருந்து விமான எண்ணெய் செய்கிற அத்தனை வழியும் அடிப்படையில் இரண்டே வேலைதான்: ஒட்சிசனை வெளியேற்றுவது, காபன் சங்கிலியைச் சரியான நீளத்துக்கும் வடிவத்துக்கும் கொண்டுவருவது. டேர்பீனில் இந்த இரண்டு வேலையையும் முக்கால்வாசி செடியே செய்து தந்துவிடுகிறது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு அதில் இவ்வளவு ஆசை.

ஆனால் அப்படியே ஊற்ற முடியாது. லிமொனீனில் இரட்டைப் பிணைப்பு இரண்டு இருக்கிறது. காற்றுப் பட்டால் அந்த இடத்தில் ஒட்சிசன் வந்து ஒட்டி, நாள்பட எண்ணெய் பிசினாகிவிடும். ரேப்பன்ரைன் போத்தலை மூடாமல் வைத்துப் பார், வாய் ஓரம் ஒட்டும். விமானத்தின் எரிபொருள் குழாயில் அப்படி ஒட்டினால் என்னாகும்? ஆகவே ஊக்கி (தான் மாறாமல் தாக்கத்தை வேகப்படுத்தும் பொருள்) ஒன்றின் மேல் ஐதரசனைச் செலுத்தி இரட்டைப் பிணைப்பை நிரப்ப வேண்டும்.

பைனீன் என்று இன்னொரு டேர்பீன். பைன் மரப் பிசினில் வருவது. இதற்கும் C₁₀H₁₆ தான். அதில் ஒரு நாற்கோண வளையம் இறுகி வளைந்து கிடக்கிறது. வில்லை வளைத்துக் கட்டினதுபோல அந்த இறுக்கத்துக்குள் சக்தி சேர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆய்வுகூடத்தில் 2010 அளவில் இரண்டிரண்டு பைனீனைச் சேர்த்து, ஏவுகணைக்கு ஊற்றும் அடர்த்தியான எரிபொருளுக்குக் கிட்டத்தட்டச் சமமான ஒன்றைச் செய்து காட்டினார்கள்.

பயணிகள் விமானத்துக்கு அனுமதி கிடைத்தது வேறொரு உறவினருக்கு. அப்பிள் தோலின் மெழுகில் இருக்கும் ஃபார்னசீன் குடும்பம், பதினைந்து காபன். மரபணு மாற்றிய மதுவத்துக்குக் கரும்புச் சீனியைத் தீனியாகக் கொடுத்து, அற்ககோலுக்குப் பதிலாக ஃபார்னசீனைச் சுரக்க வைத்தார்கள் அமிரிஸ் நிறுவனத்தார். பிரேசிலில் செய்தது. அதற்கு ஐதரசன் ஏற்றினால் ஃபார்னசேன். 2014இல் இதை நூற்றுக்கு 10 பங்கு வரை ஜெற் எண்ணெயில் கலக்க அனுமதி வந்தது. ஏன் பத்தோடு நிற்பாட்டினார்கள் என்று யோசி. இது ஒரே ஒரு மூலக்கூறு. மண்ணெண்ணெய் ஒரு கூட்டம். அதோடு குளிரில் இது பிசுபிசுப்பாகிவிடும்.

சோதனையில் இதை நேரே கேட்கமாட்டார்கள். ஆனால் அற்கீனுக்கு (இரட்டைப் பிணைப்புள்ள ஐதரோகாபனுக்கு) ஐதரசன் சேர்ப்பது எப்படி என்று மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, அது எதற்கு என்று இப்போது தெரியும்.

"தேங்காயெண்ணெயில் விமானம் பறந்தது உண்மையா? எங்கள் தென்மராட்சித் தென்னைக்கு நல்ல காலம் வருமா?"
– வாசகர், சாவகச்சேரி

பறந்தது உண்மை. 2008 பெப்ரவரியில் வேர்ஜின் அற்லான்ரிக் நிறுவனத்தின் போயிங் 747 ஒன்று இலண்டனில் இருந்து அம்ஸ்ரடாமுக்குப் பயணிகள் இல்லாமல் போனது. நாலு எஞ்சினில் ஒன்றுக்கு மட்டும், ஐந்தில் ஒரு பங்கு தேங்காயெண்ணெயும் பாபாசு என்ற பிரேசில் பனை எண்ணெயும் சேர்ந்த எரிபொருள்.

தேங்காயெண்ணெயை அப்படியே ஊற்றினால் என்னாகும் என்று அறிய ஆய்வுகூடம் வேண்டாம். மார்கழி விடியற்காலையில் தலைக்கு வைக்க எடுக்கும் போத்தலைப் பாருங்கள். அடியில் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அம்மா அதை வெயிலில் வைப்பா, அல்லது சுடுதண்ணிக்குள் நிற்பாட்டுவா. 24, 25 பாகையிலேயே உறைகிற எண்ணெய் அது. −47 எங்கே, 24 எங்கே!

இப்போது உலகம் செய்கிற வழி இது. எண்ணெயை அழுத்தத்தில் ஐதரசனோடு சூடாக்குகிறார்கள். ஒட்சிசன் நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் கழன்று போய் நேரான ஐதரோகாபன் சங்கிலி மிஞ்சும். தேங்காயெண்ணெயில் பாதிக்குக் கிட்ட லோரிக் அமிலம். அதற்குப் பன்னிரண்டு காபன், விமானத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. ஆனால் நேரான சங்கிலிகள் அடுக்கி வைத்த ஈர்க்கு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிச் சீக்கிரம் உறையும். அதனால் இன்னொரு ஊக்கியின் மேல் விட்டுச் சங்கிலிகளுக்குக் கிளை முளைக்க வைக்கிறார்கள். கிளை உள்ள சுள்ளியை ஒழுங்காக அடுக்க முடியுமா? முடியாது. உறைவதும் தள்ளிப்போகும்.

நல்ல காலம் வருமா என்றால், நான் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்: தேங்காயெண்ணெயை விமானத்துக்குக் கொடுக்கவேண்டாம். பலாலியில் இருந்து சென்னைக்கு ஒருமுறை போக அரைத் தொன் எரிபொருள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அறுநூறு கிலோவுக்கு மேல் எண்ணெய் வேண்டும். ஒரு லீற்றருக்குப் பத்துத் தேங்காய் என்றால் ஆறாயிரத்துக்கு மேல் தேங்காய். ஒரே ஒரு பயணத்துக்கு. அந்தத் தேங்காய் சம்பலுக்கும் சொதிக்கும் போகட்டும்.

நாம் கொடுக்கக்கூடியது வேறொன்று, வடை சுட்டுக் கறுத்த எண்ணெய். இன்றைக்கு உலகத்தில் செய்யப்படும் இந்த எரிபொருளில் பெரும்பங்கு பாவித்த சமையல் எண்ணெயில் இருந்தும் கழிவுக் கொழுப்பில் இருந்தும்தான் வருகிறது. நம் தேநீர்க் கடைகளில் அதே தாச்சியில் மறுநாளும் பொரிக்கிறார்கள், அல்லது வாய்க்காலில் ஊற்றுகிறார்கள். இரண்டும் கேடு. அதை யாராவது கிழமைக்கு ஒருமுறை பீப்பாயில் சேர்த்து விலைக்கு வாங்கினால் எத்தனை பேரின் நெஞ்சுக்கும் நல்லது.

"பனங்கள்ளில் இருந்து எதனோல் எடுத்து விமானத்துக்குக் கொடுக்கலாமே?"
– வாசகர், பருத்தித்துறை

இரசாயனப்படி கொடுக்கலாம். எதனோலில் இருந்து நீரை அகற்றினால் எதிலீன்; எதிலீன்களை ஒன்றோடு ஒன்று கோர்த்து நீளமாக்கி, ஐதரசன் ஏற்றினால் ஜெற் எண்ணெய். எதனோல் வழிக்கு 2018இல் அனுமதி வந்தது. 2023 மே மாதம் இந்தியாவில் புனேயில் இருந்து டெல்லிக்கு எயார்ஏசியா இந்தியா விமானம் ஒன்று அங்கேயே அற்ககோலில் இருந்து செய்த எரிபொருளைக் கலந்து பறந்தது. திக்கம் வடிசாலை இருக்கிற வடமராட்சியில் இருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் கருப்பணியில் (புளிக்காத பதநீரில்) சீனி 120 கிராம் அளவு. அது முழுக்க நொதித்து, எதிலீனாகி, ஒரு துளியும் வீணாகாமல் போனாலும் கையில் வரும் ஐதரோகாபன் 40 கிராமைத் தாண்டாது. மிச்சம் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் போய்விடும். அதே அரைத் தொன்னுக்கு 12,500 லீற்றர் கருப்பணி வேண்டும். எங்கள் ஊரில் மரம் ஏறுகிற ஒருவரைக் கேட்டேன். பருவத்தில் நல்ல மரம் ஒன்று நாளுக்கு நாலு லீற்றர் தருமாம், அவர் ஏறுவது இருபது மரம். அப்படியென்றால் மூவாயிரத்துக்கு மேல் மரம், நூற்றைம்பதுக்கு மேல் ஆட்கள், ஒரு நாள் முழுவதும் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும், சென்னைக்கு ஒருமுறை போக. அவருடைய நெஞ்சில் மரம் உரசிய தழும்பைப் பார்த்த எனக்கு அந்தச் சீனி பனங்கட்டியாகி நல்ல விலைக்குப் போகவேண்டும் என்றுதான் ஆசை.

"அறுவடை முடிய வைக்கோலையும் சோளப் பொத்தியையும் தோட்டத்தில் எரிக்கிறோம். இவற்றால் பிரயோசனம் உண்டா?"
– விவசாயி, புன்னாலைக்கட்டுவன்

ஐயா, இத்தனை கடிதத்திலும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது. எரிகிற அந்தக் குவியலுக்குள்தான் நான் எதிர்பார்க்கிற பதில் இருக்கிறது.

வைக்கோலிலும் மணி உதிர்த்த சோளப் பொத்தியிலும் மூன்று பொருள் பின்னிக்கிடக்கிறது: செல்லுலோசு, அரைச்செல்லுலோசு, இலிக்னின். அரைச்செல்லுலோசில் ஐந்து காபன் சீனிகள் இருக்கின்றன. அமிலத்தோடு சூடாக்கினால் ஒவ்வொரு சீனி மூலக்கூறும் மூன்று நீர் மூலக்கூறுகளைக் கழற்றிவிட்டு ஃபேர்ஃபியூரல் என்ற திரவமாகும். வாதுமைப் பருப்பு மாதிரி மணக்கும். நான் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை காட்டுவேன். சீனிக்கரைசலில் ஆல்பா நப்தோல் இரண்டு துளி விட்டு, குழாயைச் சரித்துப் பிடித்து, செறிந்த சல்பூரிக் அமிலத்தை ஓரத்தால் மெதுவாக இறக்கினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா நிற வளையம் ஒன்று தோன்றும். சீனி நீரை இழந்து ஃபேர்ஃபியூரல் வகைப் பொருளாக மாறி, நப்தோலோடு சேர்வதால் வரும் நிறம் அது. வகுப்பே மூச்சுவிடாமல் பார்க்கும்.

இதைத் தொழிற்சாலையாக்கியது அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ். கஞ்சிக்கு ஓட்ஸ் குத்தியபின் மலையாகக் குவிந்த உமியை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்து, 1922இல் அதில் இருந்து ஃபேர்ஃபியூரல் எடுத்து விற்கத் தொடங்கினார்கள். கழிவென்று நினைத்ததற்கு ஒரு தொழில் பிறந்தது.

ஐந்து காபன் விமானத்துக்குக் குட்டை. அதனால் ஃபேர்ஃபியூரலை அசற்றோனோடு ஒடுக்கிச் சேர்த்து எட்டுக் காபனாகவும் பதின்மூன்று காபனாகவும் நீட்டி, பிறகு ஐதரசனால் ஒட்சிசனை அகற்றலாம். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டூமெசிக் குழுவினர் 2005இல் இந்த வழியை வெளியிட்டார்கள். அறிவு இருக்கிறது, மலிவாகப் பெருமளவில் செய்வதுதான் இன்னும் கைகூடவில்லை. சோளப் பொத்தி பாரம் குறைந்தது, இடம் பிடிக்கும், ஊர் ஊராகச் சேர்த்து ஓர் இடத்துக்குக் கொண்டுபோகும் செலவே பெரியது. அமிலம் இயந்திரத்தை அரிக்கும். ஐதரசனையும் எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். அதை இயற்கை வாயுவில் இருந்து எடுத்தால் அங்கே காபனீரொட்சைட்டு வெளியேறும். செடி காற்றில் இருந்து எடுத்த காபன்தான் திரும்பக் காற்றுக்குப் போகிறது என்பது சரி, ஆனால் இந்தச் செலவுகளையும் கழித்துத்தான் இலாபத்தைப் பார்க்க வேண்டும்.

இலிக்னினுக்கு வேறொரு மதிப்பு உண்டு. நீரிறைக்கும் மெசினின் எண்ணெய்க் குழாய் மூட்டில் கறுத்த இறப்பர் வளையம் ஒன்று இருக்குமே, அதைப் புதிதாகப் போடும்போதும் நாள்பட்டுக் கழற்றும்போதும் பாருங்கள். எண்ணெயில் ஊறி அது சற்று உப்பியிருக்கும். அந்த உப்பல்தான் கசிவை அடைக்கிறது. விமானத்திலும் அப்படித்தான், மண்ணெண்ணெயில் உள்ள அரோமற்றிக் சேர்வைகள் (பென்சீன் போன்ற காபன் வளையம் உள்ளவை) இறப்பர் வளையத்தை உப்ப வைக்கின்றன. எண்ணெய் கொழுப்பில் இருந்து செய்த எரிபொருளில் அவை கிட்டத்தட்ட இல்லை. பழகின வளையம் சுருங்கினால் கசியும். வழமையான பறப்புகளில் இந்த எரிபொருளைப் பாதிக்கு மேல் கலக்க அனுமதிக்காததற்கு இது ஒரு முக்கிய காரணம். இலிக்னின் முழுக்க அரோமற்றிக் வளையங்களால் ஆனது, அதைப் பக்குவமாக உடைக்க முடிந்தால் அந்தக் குறை தீரும்.

சீனியில் இருந்தும் அரோமற்றிக் செய்யலாம் என்று காட்டிவிட்டார்கள். 2023 நவம்பர் 28ஆம் திகதி வேர்ஜின் அற்லான்ரிக்கின் போயிங் 787 ஒன்று, நிலத்து எண்ணெய் ஒரு துளியும் கலக்காமல் இலண்டனில் இருந்து நியூயோர்க் போனது. அதில் 88 பங்கு கழிவு எண்ணெய் கொழுப்பில் இருந்து வந்தது; மிச்சம் 12 பங்கு தாவரச் சீனியில் இருந்து செய்த அரோமற்றிக் மண்ணெண்ணெய்.

அதுவரை வைக்கோலைத் தயவுசெய்து எரிக்காதீர்கள். மாட்டுக்குக் கொடுங்கள், மிளகாய்க் கன்றுக்கு மூடாக்குப் போடுங்கள். நம் செம்மண்ணுக்கும் காபன் வேண்டும்.

"பலாலிக்கு வரும் சிறிய விமானம் இதில் பறக்குமா? டிக்கெட் விலை கூடுமா?"
– வாசகி, உரும்பிராய்

பறக்கும். பலாலிக்கு வருகிற அதே ஏரிஆர் 72 வகை விமானம் 2022 ஜூன் 21இல் சுவீடனில் இரண்டு எஞ்சினிலும் நூறு வீதம் இந்த எரிபொருளோடு பறந்திருக்கிறது. விலைதான் தடை: சாதாரண ஜெற் எண்ணெயைவிட இரண்டு தொடக்கம் ஐந்து மடங்கு. 2024இல் உலக விமானங்கள் குடித்த எண்ணெயில் இது 0.3 வீதம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் இருந்து 2 வீதம் கட்டாயம் என்றும் 2050இல் 70 வீதம் என்றும் சட்டம் போட்டிருக்கிறது. இந்தியா சர்வதேசப் பறப்புகளுக்கு 2027இல் 1 வீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. அந்த அளவில் கலந்தால் சென்னை டிக்கெட்டில் உங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

"ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஏதாவது சொல்லுங்கள், ரீச்சர்."
– ஆசிரியர், வேலணை

தம்பி, எரிப்பதை விட்டுவிடுங்கள், இதைச் செய்யுங்கள். பத்துத் தேசிக்காயின் தோலை மெல்லியதாகச் சீவி, வெள்ளைப் பகுதி வராமல், தண்ணீரோடு வடிகுடுவையில் போட்டு மெதுவாகக் கொதிக்க விடுங்கள். சுடர் வேண்டாம், மின்னடுப்பு நல்லது. ஆவியைக் குளிரவைத்து ஒடுங்கிய சோதனைக் குழாயில் பிடியுங்கள். தண்ணீருக்கு மேலே மெல்லிய எண்ணெய்ப் படை மிதக்கும். வகுப்பு முழுக்க மணக்கும்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வட்டம் கீறுங்கள். ஒன்றுக்குள் தேங்காயெண்ணெய் ஒரு துளி, மற்றதற்குள் அந்தத் தோல் எண்ணெய் ஒரு துளி. இரண்டும் முதலில் ஒரே மாதிரிக் கண்ணாடிபோலத் தெரியும். தாளை யன்னல் ஓரம் கட்டித் தொங்கவிட்டு, கடைசிப் பாடம் முடிய ஒவ்வொரு பிள்ளையையும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வட்டம் அப்படியே எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். மற்றதில் கறை மங்கிப்போய், மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் மட்டும் தேசிக்காய் மணக்கும். ஏன் என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியை அப்படியே எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.